4 மாதப் புது வண்டி. "உங்க ஏரியாவுல தண்ணி நிக்கும்ல சார்" என்று வாரண்டியை மறுக்கிறார் டீலர். என்ன செய்யலாம்?

கொடுங்கையூர் வாசி · மே 11, இரவு 10:40

வணக்கம். கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி கடைசியில் ஏ.எம்.டி. கியர் (க்ளட்ச் மிதிக்காமல் தானாக மாறுவது) உள்ள சின்ன கார் ஒன்று எடுத்தேன். ஷோரூம் விலை 8 லட்சத்து 60 ஆயிரம். ஏப்ரல் முதல் வாரத்தில் மூலக்கடை மேம்பாலத்தில் ஏறும்போது மீட்டரில் கியர் எண் மறைந்து 'என்' (நியூட்ரல்) என்ற எழுத்து மின்ன ஆரம்பித்தது. மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. அப்புறம் மெல்லப் பின்னால் உருண்டது. பின்னால் ஒட்டி நின்றது கன்டெய்னர் லாரி. கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, லாரி டிரைவரிடம் திட்டு வாங்கிக்கொண்டே ஓரம் தள்ளினேன். வீட்டம்மாவும் பையனும் உள்ளே.

முதல் தடவை சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் ஏதோ ஏற்றி, சரியாகிவிட்டது என்று கொடுத்தார்கள். 12 நாளில் எருக்கஞ்சேரி சிக்னலில் அதே கதை. இரண்டாவது தடவை 9 நாள் வைத்திருந்துவிட்டு, கியர் கன்ட்ரோல் யூனிட்டின் கனெக்டரில் பச்சைக் களிம்பு இருக்கிறது, தண்ணீர் புகுந்திருக்கிறது, வாரண்டியில் வராது, 71,400 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வண்டி எடுத்த பிறகு மழையே பார்க்கவில்லையே என்றேன். சர்வீஸ் மேனேஜர் கம்ப்யூட்டரில் என் முகவரியைப் பார்த்துவிட்டு, "கொடுங்கையூரா? உங்க ஏரியாவுல தண்ணி நிக்கும்ல சார்" என்றார். வந்த கோபத்துக்கு அளவில்லை.

கம்பெனிக்கு மெயில் போட்டால் டீலரைப் பாருங்கள் என்கிறார்கள். டீலரிடம் போனால் கம்பெனி பாலிசி என்கிறார்கள். வண்டி அவர்கள் யார்டில் நிற்கிறது. ஒரு வாரத்தில் எடுக்காவிட்டால் நாளுக்கு 300 ரூபாய் பார்க்கிங் போடுவோம் என்று வாட்ஸ்அப் வேறு. மாதத் தவணை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. "கேஸ் போட்டால் இழுத்தடிப்பார்கள், பேசாமல் கட்டிட்டு வா" என்கிறார் மாமனார். கட்டிவிடலாமா?

எண்ணூர் அலை · மே 11, இரவு 11:15

கட்டாதீர்கள் அண்ணே. முதலில் ஒன்று சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு என் வண்டி நிஜமாகவே முங்கியது. அந்தத் தடவை கச்சா எண்ணெயும் சேர்ந்து வந்தது, ஞாபகம் இருக்கும். முங்கிய வண்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் படியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தால், சுருளுக்குள் இருக்கிற பகுதியில் அழுக்குக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளம் துரு பிடிக்கும். கார்பெட்டைத் தூக்கினால் நாறும், எத்தனை தடவை வெயிலில் காய வைத்தாலும் நாறும்.

உங்கள் வண்டியில் இவையெல்லாம் சுத்தமாக இருந்தால், ஒரே ஒரு கனெக்டருக்குள் மட்டும் வெள்ளம் எப்படிப் புகுந்தது? நாளைக்கே யார்டுக்குப் போய், கிலோமீட்டர் தெரிகிற மாதிரி ஆரம்பித்து, ஒரே வீடியோவாக இதையெல்லாம் எடுத்து வையுங்கள்.

கறுப்புக் கோட்டு · மே 12, காலை 7:05

வழக்கறிஞர் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் வண்டிக்கு என்ன கோளாறு என்பது எனக்குத் தெரியாது, நீதிபதிக்கும் தெரியப்போவதில்லை. காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதனால் இப்போதைக்கு ஒரே வேலை: மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். "எந்த அடிப்படையில் தண்ணீர் புகுந்தது என்கிறீர்கள், யார் பார்த்தார், எந்த நாளில், எத்தனை கிலோமீட்டரில், படம் எங்கே, வாரண்டி புத்தகத்தின் எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறீர்கள்" என்று டீலருக்கும் கம்பெனிக்கும் சேர்த்து ஒரே மெயில். வாயால் சொன்ன மேனேஜர் நாளை வேறு கிளைக்குப் போய்விடுவார். அவர் சொன்ன 'உங்க ஏரியா' வசனத்தையும் அதே மெயிலில் தேதியோடு எழுதிவிடுங்கள். மறுக்க வேண்டுமானால் அவர்கள் மறுக்கட்டும். ஒருவருடைய பின்கோடு ஆதாரம் ஆகாது.

பதில் வந்தாலும் வராவிட்டாலும், 15 நாள் அவகாசம் கொடுத்து ஒப்புகை அட்டையோடு ஒரு நோட்டீஸ். சட்டப்படி நோட்டீஸ் கட்டாயம் இல்லை, ஆனால் பாதி விஷயம் அதிலேயே முடிவதுண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து வையுங்கள். அவர்களால் உத்தரவு போட முடியாது, கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். அந்தப் பதிலும் ஒரு காகிதம்தானே.

அதற்கும் மசியவில்லை என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையம். ஷோரூம் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் சரி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம் என்று 34ஆவது பிரிவு சொல்கிறது. உங்களுக்குச் சென்னை வடக்கு ஆணையம், பூங்கா நகரில். 5 முதல் 10 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய். ஆம், இருநூறுதான். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், இணையத்திலும் தாக்கல் செய்யலாம். பிரச்சனை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம் உண்டு, ஆனால் அதைக் கடைசி வரை இழுக்காதீர்கள்.

சிங்கம் சிங்கிளா வரும் · மே 12, காலை 9:30

அதெல்லாம் பழைய முறை ப்ரோ. புதுச் சட்டத்தில் 84ஆவது பிரிவு இருக்கிறது. வெளிப்படையாக வாரண்டி கொடுத்ததில் தன் மேல் அலட்சியம் இல்லை என்று தயாரிப்பாளர் நிரூபித்தாலும் பொறுப்பு உண்டு. மேம்பாலத்தில் பின்னால் உருண்டது உயிர் ஆபத்து. ஒரு கோடி கேளுங்கள், புது வண்டியும் கேளுங்கள். அப்போதுதான் பயப்படுவான்.

கறுப்புக் கோட்டு · மே 12, காலை 10:12

சிங்கத்துக்கு ஒரு வார்த்தை. 84 சரிதான், ஆனால் அந்த அத்தியாயம் பொருளால் ஏற்பட்ட 'தீங்கு'க்கு இழப்பீடு தருவது. தீங்கு என்றால் என்ன என்று 2ஆவது பிரிவில் விளக்கியிருக்கிறார்கள்: உடல் காயம், உயிரிழப்பு, வேறு சொத்துக்குச் சேதம், அதோடு வரும் மன வேதனை. அந்தப் பொருளுக்கே ஏற்படும் கெடுதி அதில் சேராது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. லாரி மோதி யாருக்காவது அடிபட்டிருந்தால் 84ஐப் பிடிக்கலாம். நல்ல வேளை, அது நடக்கவில்லை. இவருக்குப் பொருந்துவது பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை. இவற்றுக்கு 39ஆவது பிரிவில் பரிகாரம் இருக்கிறது: குறையை நீக்கு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு, இழப்பீடு கொடு.

'புது வண்டி கொடு' என்பதும் அவ்வளவு சுலபம் அல்ல. 2006இல் மாருதி எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில், வாரண்டியில் சொன்னது பழுதான பாகத்தை மாற்றித் தருவது என்றால் முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். மறுபக்கம், 2022இல் ஏர்பேக் விரியாத க்ரெட்டா வழக்கில் ஹூண்டாய் தோற்றது. மோதலின் வேகத்தையும் விசையையும் இயற்பியல் கணக்குப் போட்டுப் பார்க்க நுகர்வோர் நிபுணர் அல்ல என்று அதே நீதிமன்றம் சொன்னது. மாற்று வண்டி கொடுக்கச் சொன்ன உத்தரவும் அதில் நிலைத்தது. ஆகவே முதன்மைக் கோரிக்கையாக இலவசப் பழுதுநீக்கமும் நீட்டித்த வாரண்டியும், அது முடியாவிட்டால் மாற்று வண்டி அல்லது பணம் என்று அடுக்கிக் கேளுங்கள். கோடி கேட்டால் யாரும் பயப்பட மாட்டார்கள், நீதிபதிக்குத்தான் சிரிப்பு வரும்.

டீலர், கம்பெனி இரண்டு பேரையும் எதிர்தரப்பில் சேர்க்க மறக்காதீர்கள். ஒருவரை விட்டால், இருக்கிறவர் இல்லாதவர் மேல் கையைக் காட்டுவார். டீலர் செய்கிற எல்லாவற்றுக்கும் கம்பெனி பொறுப்பாகாது என்பதும் உண்மை. 2011 மாடல் என்று பணம் வாங்கி 622 கிலோமீட்டர் ஓடிய 2009 மாடலை ஒரு டீலர் கொடுத்தார். 2021இல் உச்ச நீதிமன்றம் அதில் டாடா மோட்டார்ஸை விடுவித்தது, கம்பெனிக்குத் தெரிந்து நடந்ததாக நிரூபிக்கவில்லை என்று. ஆனால் அது விற்பனையில் நடந்த மோசடி. உங்களுடையது வாரண்டி. வாரண்டி கம்பெனியின் வாக்கு.

மூலக்கடை ஸ்பேனர் · மே 12, மதியம் 2:20

30 வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறவன் சொல்கிறேன், கேளுங்க தம்பி. வெளி மெக்கானிக்கிடம் அந்தக் கனெக்டரைத் திறந்து காட்டவே காட்டாதீங்க. என்னிடம்கூட வேண்டாம். வெளியாள் கை வைத்தான் என்ற ஒரு வரி போதும் அவர்களுக்கு.

களிம்பு என்றால் ஈரம் பட்டிருக்கிறது, அது உண்மை. ஆனால் ஈரம் வெள்ளத்தால்தான் வர வேண்டும் என்று இல்லை. கனெக்டருக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், சுண்டு விரல் மோதிரம் சைஸில். பொருத்தும்போது அது மடங்கியிருந்தால், வண்டி கழுவுகிற தண்ணீரே போதும். அது மேனுபேக்சரிங் தப்பு. அப்புறம், கன்ட்ரோல் யூனிட் ஒவ்வொரு கோளாறையும் குறித்து வைக்கும். பல வண்டிகளில் முதல் கோளாறு எத்தனையாவது கிலோமீட்டரில் என்பதும் பதிவாகும். அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை அழிப்பதற்கு முன்னாலேயே பிரிண்ட் கேளுங்க.

இதுவரை வாங்கிய ஜாப் கார்டு (வண்டியை விடும்போது புகாரை எழுதித் தருகிற தாள்) எல்லாவற்றையும் எடுத்து வரி வரியாகப் படிங்க. நீங்க சொன்ன புகார் ஒரு பக்கம் இருக்கும், அவங்க பார்த்தது இன்னொரு பக்கம் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா பாருங்க.

கொடுங்கையூர் வாசி · மே 12, இரவு 9:50

அண்ணே, கோடி நன்றி. ஜாப் கார்டை எடுத்துப் பார்த்தேன். மேம்பாலத்தில் நின்றுபோனது என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். அட்வைசர் எழுதியிருப்பது: "பொதுவான சோதனை". அவ்வளவுதான். கீழே என் கையெழுத்து.

இன்னொன்று. மார்ச்சில் முதல் இலவச சர்வீஸ். பில்லில் "இன்ஜின் ரூம் கிளீனிங் – 450". நான் கேட்கவே இல்லை, அவர்களாகச் சேர்த்தது. இதைக் கவனிக்கவே இல்லை.

மூலக்கடை ஸ்பேனர் · மே 12, இரவு 10:05

அடடே. பிரஷர் பைப்பால் அடித்திருப்பான். ஆனாலும் இதை மட்டும் நம்பிக் கேஸை நிறுத்தாதீங்க. துணியால்தான் துடைத்தோம் என்பான். ஒரு சாத்தியம் என்று எழுதுங்க, போதும்.

முன்னாள் அட்வைசர் · மே 13, காலை 6:40

ஏழு வருடம் ஒரு டீலரிடம் அட்வைசராக இருந்தவன். இப்போது வேறு தொழில், அதனால் சொல்கிறேன். வாரண்டி வேலை செய்தால் டீலர் கம்பெனிக்கு க்ளெய்ம் போட வேண்டும். ஆடிட்டில் ஒரு படம் குறைந்தாலும் க்ளெய்மைத் தள்ளிவிடுவார்கள், பாகத்தின் காசு டீலர் தலையில். சந்தேகம் வந்தாலே கஸ்டமர் பக்கம் தள்ளிவிடு என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்படாத பாடம். நானும் தள்ளியிருக்கிறேன். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அதனால் டீலரிடம் கத்திப் பயன் இல்லை. கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் என்று ஒருவர் இருப்பார், வாரத்தில் ஒரு நாள் வருவார். அவர் முன்னால் கூட்டு ஆய்வு கேளுங்கள். அவர் கையில் 'குட்வில்' என்று ஒரு வழி உண்டு: வாரண்டி என்று ஒப்புக்கொள்ளாமல் இலவசமாகச் செய்து கொடுப்பது. கொடுக்கும்போது ஒரு திருப்திக் கடிதம் நீட்டுவார்கள். "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருக்கும். கேட் பாஸ் கிடைக்கிற அவசரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள்.

மஞ்சள் போர்டு · மே 13, காலை 11:00

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என்னுடையது கால் டாக்சி, நானே ஓட்டுகிறேன். டி போர்டு என்றால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்கிறார்களே?

கறுப்புக் கோட்டு · மே 13, மதியம் 1:15

போகலாம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது பொது விதி. ஆனால் சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. ஒரு வண்டி, நீங்களே ஓட்டுகிறீர்கள், அதுதான் குடும்ப வருமானம்: இதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். நாலு வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டினால் அந்தக் கதவு மூடிவிடும்.

தங்கசாலை · மே 13, மாலை 6:30

போலீஸில் புகார் கொடுத்தால் என்ன? எங்கள் வீட்டில் தவணையையும் நிறுத்தச் சொல்கிறார்கள். புக்கிங் பாரத்தில் தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவரிடம்தான் போக வேண்டும் என்று ஒரு வரி வேறு இருக்குமே?

கறுப்புக் கோட்டு · மே 13, இரவு 8:45

போலீஸ்: அடிபட்ட வண்டியைப் புதிது என்று விற்றாலோ மீட்டரைத் திருப்பினாலோ ஏமாற்று வழக்கு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 318. வாரண்டித் தகராறுக்குப் போனால் "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான்.

தவணை: நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கடன் வங்கிக்கும் உங்களுக்கும் இடையில் தனி ஒப்பந்தம். நிறுத்தினால் சிபில் (கடன் மதிப்பெண்) போகும், வண்டியும் போகும், ஆதாரமும் அதோடு போகும். இன்சூரன்ஸும் காலாவதி ஆகக் கூடாது.

ஆர்பிட்ரேஷன் வரி நுகர்வோர் புகாரைத் தடுக்காது. 2018லேயே உச்ச நீதிமன்றம் எமார் வழக்கில் சொல்லிவிட்டது.

பார்க்கிங் மிரட்டலுக்கு: "பழுது நீக்கப்படாத வண்டி, உங்கள் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது, வாடகைக்கு நான் சம்மதிக்கவில்லை" என்று அன்றே பதில் எழுதுங்கள். சும்மா இருந்தால் சம்மதம் என்று வாதாடுவார்கள்.

கடைசியாக, ஆய்வு. எது குறை என்பது சோதிக்காமல் தெரியாது என்றால் ஆணையமே பொருளை ஆய்வுக்கு அனுப்ப 38ஆவது பிரிவு இடம் தருகிறது. அதற்கு நீங்கள் மனு போட வேண்டும், கட்டணமும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளரையோ பொறியியல் கல்லூரி ஆட்டோமொபைல் துறை ஆசிரியரையோ நியமிக்கக் கேட்கலாம். நிபுணர் அறிக்கை இல்லாமல் 'தயாரிப்புக் குறை' என்று வெறும் வாயால் சொல்லித் தோற்றவர்கள் நிறையப் பேர். வாட்ஸ்அப் செய்திகளைத் தாக்கல் செய்தால் புதிய சாட்சியச் சட்டம் 63ஆவது பிரிவில் மின்னணு ஆவணத்துக்குக் கேட்கிற சான்றையும் இணையுங்கள். ஏப்ரல் வரை மழை அளவு என்ன என்று வானிலை மையத்தில் கேட்டு வாங்கினால் இன்னும் அழகு.

கொடுங்கையூர் வாசி · ஆகஸ்ட் 3

நிலவரம் சொல்ல வந்தேன். மெயிலுக்கு "தண்ணீர் புகுந்த தடயம் உள்ளது" என்று ஒரு வரிப் பதில். படமும் இல்லை, தேதியும் இல்லை. நோட்டீஸுக்கு டீலர் மௌனம், கம்பெனி "பரிசீலனையில்". ஜூன் கடைசியில் நானே தமிழில் எழுதி, பிரமாணப் பத்திரத்தோடு தாக்கல் செய்தேன். கட்டணம் 200, ஜெராக்ஸும் பைண்டிங்கும் 640. ஏற்கும் நாளில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு பேருக்கும் நோட்டீஸ் அனுப்ப உத்தரவாகிவிட்டது.

கறுப்புக் கோட்டு · ஆகஸ்ட் 3

நல்லது. நோட்டீஸ் அவர்கள் கைக்குப் போன தேதியைக் குறித்து வையுங்கள். பதில் மனுவுக்கு 30 நாள், ஆணையம் மனது வைத்தால் இன்னும் 15. 45க்கு மேல் ஒரு நாளும் கிடையாது, 2020இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துச் சொன்னது. பெரிய கம்பெனிகளும் இதில் கோட்டை விடுவதுண்டு.

கொடுங்கையூர் வாசி · செப்டம்பர் 21

நோட்டீஸ் போன பத்தாவது நாள் கம்பெனியிலிருந்து போன். ஏரியா மேனேஜரே வந்தார். என் முன்னால் கனெக்டரைக் கழற்றினார்கள், நான் வீடியோ எடுத்தேன். ஸ்பேனர் அண்ணே, நீங்கள் சொன்ன அதே ரப்பர் வளையம். ஒரு பக்கம் மடங்கி, நசுங்கி, கறுத்துக் கிடந்தது. ஏரியா மேனேஜர் ஒன்றும் பேசவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்டெப்னிக் குழியில் ஒரு பொட்டு வண்டல் இல்லை.

வயரிங்கும் யூனிட்டும் இலவசமாக மாற்றினார்கள். பில்லில் 'குட்வில்'. அப்புறம் அந்தத் திருப்திக் கடிதம் வந்தது. முன்னாள் அட்வைசர் சொன்னது வார்த்தை மாறாமல் இருந்தது. அதன் கீழே பேனாவில், "என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் வண்டியைப் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கேட்டில் முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள். பிறகு விட்டார்கள்.

மாற்றிய பாகத்துக்கு நீட்டித்த வாரண்டி, வண்டி இல்லாத நாட்களின் ஆட்டோ செலவு, மன உளைச்சல்: இவற்றுக்குப் புகார் தொடர்கிறது. சமரசத்துக்குப் போகலாமா என்று ஆணையம் கேட்டது. எழுத்தில் கொடுத்தால் போகலாம் என்றேன்.

தங்கசாலை · நவம்பர் 26

அண்ணே, அப்புறம் என்ன ஆச்சு? அந்தக் கடிதத்தின் படத்தைப் போடுங்களேன், எனக்கும் தேவைப்படுகிறது.

கொடுங்கையூர் வாசி · நவம்பர் 26, இரவு 11:20

வாய்தா டிசம்பரில். படத்தை நாளை ஏற்றுகிறேன் தம்பி. இங்கே கரண்ட் போய்விட்டது, தெருவில் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. வண்டியைக் கொண்டுபோய் மூலக்கடை மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு வர வேண்டும். ஏற்கெனவே பாதிப் பாலம் நம்ம ஏரியா வண்டிதான்.